இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்: பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

"சித்தப்பா, எனக்கு இரட்டை சிலிண்டர் வண்டிதான் வேண்டும்!"

என் அண்ணன் மகன் இப்படித்தான் ஆரம்பித்தான்.

அவனுக்கு வயது 24. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சீட்டுக் கட்டி 2 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். சனிக்கிழமை இரவு விழுப்புரத்தில் இருக்கும் வீட்டுக்கு வருவான். திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்புவான். "இனிமேல் பஸ் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வருகிறேன்" என்றான்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, நீங்கள் கூடப் போய்ப் பாருங்கள். பணமும் போய், பிள்ளையும்..." என்றார். மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

நான் மெக்கானிக் அல்ல. ஆனால் 30 ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். ஒரு முறை பழைய வண்டி வாங்கி நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். அந்தத் தகுதி போதும் என்று கிளம்பினேன்.

அது என்ன இரட்டை சிலிண்டர்?

எஞ்சினுக்குள் ஒரு குழாய் இருக்கிறது. அதுதான் சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பெட்ரோல் ஆவி தீப்பிடித்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

நம் ஊரில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். புல்லட் "டுப்... டுப்..." என்று அடிக்கிறதே, அது ஒற்றை சிலிண்டரின் சத்தம்.

இரட்டை சிலிண்டர் வண்டியில் இரண்டு குழாய், இரண்டு பிஸ்டன். ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிர் எதிரே நின்று உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி உலக்கை மேலே போகும்போது மற்றவள் உலக்கை கீழே வருகிறது. வேலை சீக்கிரம் நடக்கிறது. அதிர்ச்சியும் குறைகிறது. அது போலத்தான் இதுவும்.

ஒரு எச்சரிக்கை! இரண்டு பக்கமும் புகைக்குழாய் இருந்தால் இரட்டை சிலிண்டர் என்று நினைத்துவிடாதீர்கள். மைசூரில் செய்த பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கு இரண்டு புகைக்குழாய் உண்டு. சிலிண்டர் ஒன்றுதான்!

பெரியவர்கள் சிலருக்கு ராஜ்தூத் 350 நினைவு வரும். எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவுடன் சேர்ந்து 1983-ல் கொண்டு வந்தது. அது உண்மையான இரட்டை சிலிண்டர். அந்தக் காலத்தில் அதன் வேகத்துக்கு இங்கே ஈடு கிடையாது. பெட்ரோல் குடிப்பதிலும் ஈடு கிடையாது! இன்று அது ஆசைக்காக வைத்துக்கொள்கிற வண்டி. வாரா வாரம் விழுப்புரம் போய் வர அல்ல.

மூன்று வண்டிகள்

2 லட்சம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு பழைய இரட்டை சிலிண்டர் தேடினால், பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, கவாசாகி நிஞ்ஜா 300. 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. எஞ்சின் 296 சி.சி. சுமார் 39 குதிரைச் சக்தி.

இரண்டாவது, யமஹா ஆர்3. 2015-ல் வந்தது. 321 சி.சி. சுமார் 42 குதிரைச் சக்தி. 2020-ல் விற்பனை நின்றது. 2023 டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக மறுபடியும் வந்தது. அப்போது விலை நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது, ராயல் என்ஃபீல்டு 650. இது நம் சென்னையை அடுத்த ஆலையில் பிறந்த வண்டி. 2018 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 648 சி.சி. 47 குதிரைச் சக்தி. இதே எஞ்சினோடு இரண்டு வண்டிகள் வந்தன. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் இன்டர்செப்டர். குனிந்து ஓட்டினால் கான்டினென்டல் ஜி.டி. பந்தய வண்டி போல முன்னால் சாய்ந்து, கைப்பிடியைத் தாழப் பிடிக்க வேண்டும். முதுகு வலி இருப்பவர்கள் இரண்டாவதன் பக்கம் போக வேண்டாம்.

"47 பெரிதா, 42 பெரிதா? 650-ஐயே வாங்கிவிடலாமே!" என்பீர்கள். அண்ணனும் அதைத்தான் கேட்டார்.

வேகம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நிஞ்ஜாவின் 39 குதிரைகளும் எப்போது வெளியே வரும் தெரியுமா? எஞ்சின் நிமிடத்துக்கு 11 ஆயிரம் முறை சுற்றும்போது! அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 90 தடவைக்கு மேல் தீப்பொறி அடிக்க வேண்டும். ஆர்3-ம் அதே சாதிதான். 10 ஆயிரத்து 750 சுற்றில்தான் முழுச் சக்தி.

650 அப்படி அல்ல. 7 ஆயிரத்துச் சொச்சம் சுற்றிலேயே எல்லாச் சக்தியும் வந்துவிடுகிறது. இழுவை என்று பார்த்தால் சிறிய வண்டிகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேல் கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் ஒரு லாரி. லேசாகத் திருகினால் போதும், தாண்டிவிடும்.

நிஞ்ஜாவிலும் ஆர்3-யிலும் அதே லாரியைத் தாண்ட, இரண்டு கியர் குறைத்து, எஞ்சினைக் கத்த விட வேண்டும். இளைஞர்களுக்கு அந்தக் கத்தல்தான் சந்தோஷம். தினம் காலையில் பாடி மேம்பாலத்துப் போக்குவரத்தில் நின்று நின்று போகிறவனுக்கு அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு கேள்வி.

அதற்காகச் சிறிய வண்டிகளை மட்டம் தட்டவும் கூடாது. நிஞ்ஜாவும் ஆர்3-ம் 170 கிலோவைச் சுற்றியே எடை. 650-க்கு 200 கிலோவுக்கு மேல்! வளைவில் திருப்பவும் சந்தில் நிறுத்தவும் சிறிய வண்டி பழகிய கன்றுக்குட்டி போல வரும். இந்த 30 கிலோ வித்தியாசத்தைக் காகிதத்தில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

செலவிலும் வித்தியாசம் உண்டு. கட்டாய இன்சூரன்ஸுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, 350 சி.சி. வரை உள்ள இந்த இரண்டு வண்டிக்கும் ஆண்டுக்கு 1,366 ரூபாய். 650-க்கு 2,804 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரியும் மாறிவிட்டது. 350 சி.சி. வரை 18 சதவிகிதம். அதற்கு மேல் 40 சதவிகிதம். ஆகவே பழைய வண்டி விற்பவர் பழைய கணக்கில் விலை சொன்னால் மயங்காதீர்கள். புது வண்டி இன்று என்ன விலை என்று முதலில் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அண்ணி மட்டும் ஒரு கணக்குப் போட்டார். விழுப்புரத்துக்குப் போக வர 320 கிலோமீட்டர். இந்த வண்டிகள் எதுவானாலும் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுத்தால் நல்லது. அப்படியானால் 13 லிட்டர் பெட்ரோல். சுமாராக 1,300 ரூபாய். மாதத்துக்கு நாலு தடவை!

"பஸ்ஸுக்கு இதில் கால்வாசிதானே ஆகும்?" என்றார்.

பையன் காதில் அது விழவே இல்லை.

சிவப்பு வண்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

முதல் வண்டி சிவப்பு. கம்பெனிப் பெயர் வேண்டாம். குற்றம் கம்பெனி மேல் இல்லை, வண்டியைக் கீழே போட்டவர் மேல். விற்பவர் ஒரு தரகர். பார்த்தவுடனே பையன் சொக்கிப் போனான். பளபளவென்று புதுப் பெயின்ட். புது ஸ்டிக்கர். விலையும் குறைவு.

நான் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். சுட்டது!

"இப்போதுதான் பக்கத்துக் கடைக்குப் போய் வந்தேன்" என்றார் தரகர்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போதுதான் நோய் தெரியும். சூடேற்றி வைத்தால் நோய் ஒளிந்துகொள்ளும். நாங்கள் டீ குடிக்கப் போனோம். ஒரு மணி நேரம் கழித்து வந்தோம். தரகருக்கு அது பிடிக்கவில்லை.

கிளப்பினோம். உடனே கிளம்பியது. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் தண்ணீர்ப் பாட்டிலைக் கேட்டு வாங்கினேன். எஞ்சின் முன்னாலிருந்து இரண்டு புகைக்குழாய்கள் கீழே இறங்குகின்றன. ஒரு சிலிண்டருக்கு ஒரு குழாய். எஞ்சின் ஓடத் தொடங்கி ஒன்றிரண்டு நிமிடம் ஆனதும், இரண்டிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். இடது குழாயில் "சுர்" என்று ஆவி பறந்தது. வலது குழாயில் தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது.

அதாவது, வலது சிலிண்டர் வேலை செய்யவில்லை!

இரட்டை சிலிண்டரில் இதுதான் பெரிய ஆபத்து. ஒற்றை சிலிண்டர் வண்டியில் சிலிண்டர் படுத்தால் வண்டியே படுத்துவிடும். யாரும் ஏமாற முடியாது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினாலும் இன்னொரு மாடு இழுத்துக்கொண்டு போகிறது அல்லவா? இங்கேயும் அப்படித்தான். சத்தம் கொஞ்சம் மாறும், இழுவை குறையும். ஆனால் ஓடும். முதல் தடவையாக இந்த வண்டியில் ஏறுகிறவனுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

காரணம் பிளக் போன்ற சின்ன விஷயமாகவும் இருக்கலாம். உள்ளே வால்வு எரிந்ததாகவும் இருக்கலாம். சின்ன விஷயம் என்றால் தரகர் விற்பதற்கு முன்பே சரி செய்திருப்பார்.

பிறகு கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே, கைப்பிடி எல்லை தாண்டாமல் தடுக்க இரண்டு சிறு முட்டுகள் இருக்கும். ஒன்று உடைந்திருந்தது. சும்மா நிற்கும்போது சாய்ந்த வண்டியில் அது உடையாது. பலமாக மோதினால்தான் உடையும். புதுப் பெயின்ட்டுக்குக் காரணம் புரிந்துவிட்டது.

"பெயின்ட் அடிக்கலாம் தம்பி. இதை மறைக்க முடியுமா?" என்றேன்.

பையன் ஒன்றும் பேசவில்லை. தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வேறு என்ன பார்க்க வேண்டும்?

இந்தத் தினுசு வண்டிகளில் உடம்பை மூடி பிளாஸ்டிக் கவசம் இருக்கும். விழுந்த காயம் எல்லாம் அதற்குள் மறையும். ஆகவே கவசத்தைப் பார்க்காதீர்கள். விழும்போது முதலில் தரையில் படுகிற இடங்களைப் பாருங்கள். கைப்பிடி நுனி, பிரேக் பிடியின் முனை, கால் வைக்கும் கட்டையின் நுனி, எஞ்சின் பக்க மூடி. இவற்றில் கீறல் இருந்தால் விழுந்த வண்டி. ஒரு பக்கம் மட்டும் புதுசாக இருந்தாலும் விழுந்த வண்டிதான்!

எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். நிஞ்ஜாவும் ஆர்3-ம் தண்ணீரால் குளிரும் எஞ்சின்கள். ஆயில் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். 650-க்கு இந்தப் பயம் இல்லை. அது காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 0620 என்றால் 2020-ம் ஆண்டு 6-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும். மழையில் வழுக்கும்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். மீட்டரை மாற்றலாம். பிரேக் மிதியின் தேய்மானத்தை மாற்ற யாருக்கும் தோன்றாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஏ.பி.எஸ். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பாற்றும் கருவி அது. ராயல் என்ஃபீல்டு 650-ல் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆர்3-யும் நிஞ்ஜா 300-ம் நம் நாட்டில் முதலில் அது இல்லாமல்தான் விற்றன. 2018-ல்தான் சேர்த்தார்கள். ஆகவே அந்த இரண்டு வண்டிகளில் "எந்த வருஷத்து வண்டி?" என்பது விலைக்காக மட்டும் கேட்கிற கேள்வி அல்ல. 30 ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று ஏ.பி.எஸ். இல்லாத வண்டி வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதில் பையனோடு எனக்குச் சண்டையே வந்தது.

தள்ள முடியாத வண்டி

மத்தியானம் வேளச்சேரியில் ஓர் இன்டர்செப்டர் பார்த்தோம். 2019-ம் ஆண்டு வண்டி. ஒரே உரிமையாளர். சர்வீஸ் ரசீது எல்லாம் பைலில் அடுக்கி வைத்திருந்தார். இரண்டு சாவியும் இருந்தன. குழாயில் தண்ணீர் விட்டேன். இரண்டும் "சுர்" என்றன. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விலையும் பேசினால் படியும் போல இருந்தது.

வண்டி அடுக்குமாடி வீட்டின் அடித்தளத்தில் நின்றது. வெளியே கொண்டு வரச் சாய்வுப் பாதை.

"எஞ்சினைக் கிளப்பாமல் தள்ளி மேலே ஏற்று, பார்க்கலாம்" என்றேன்.

பையன் ஒல்லியான உடம்பு. பாதித் தூரம் வந்தான். நின்றான். வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. நானும் உரிமையாளரும் ஓடிப் போய்ப் பிடித்தோம். நான் தள்ளிப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை!

அம்பத்தூரில் அவன் அறை இருப்பது ஒரு குறுகிய சந்தில். வாசலில் படி. படி மேல் பலகை போட்டு வண்டியை உள்ளே ஏற்ற வேண்டும். தினமும் இரவில், இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்த பிறகு. யார் பிடிப்பார்கள்?

நல்ல வண்டியை விட்டுவிட்டு வந்தோம். எனக்குத்தான் அதிக வருத்தம்.

காகிதம் சரியா?

சிவப்பு வண்டியின் விலை ஏன் குறைவு என்று சொன்னேனா? அது கர்நாடகப் பதிவு எண். வேறு மாநில வண்டியை இங்கே பதிவு செய்ய, அந்த மாநில ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் "மலிவு" பறந்துவிடும்.

இன்னொன்று. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் தீர்ந்ததற்குக் கடிதமும், 35-ம் நம்பர் படிவமும் வாங்கி அந்தப் பெயரை நீக்க வேண்டும். "கடனை எப்போதோ கட்டிவிட்டேன்" என்ற வாய்ப்பேச்சு உதவாது. நான் ஏமாந்தது இதில்தான். வண்டி நன்றாக ஓடியது. என் பெயருக்கு மாற 11 மாதம் ஆயிற்று.

எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் மாற்ற வேண்டும்.

விற்கிறவர்களும் கேளுங்கள். பெயர் மாறும் வரை காகிதத்தில் அது உங்கள் வண்டி. யாரோ இடித்துவிட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்!

மூன்றாவது வண்டி

அடுத்த வாரம் தாம்பரத்தில் ஓர் ஆர்3 கிடைத்தது. 2019-ம் ஆண்டு. ஏ.பி.எஸ். உண்டு. 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. விற்றவர் ஒரு பாங்கி ஊழியர். வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. கார் வாங்க வேண்டுமாம்.

பெயின்ட் மங்கியிருந்தது. செயின் தேய்ந்திருந்தது. பின் டயரில் 0620 என்று இருந்தது. பையன் முகம் தொங்கியது.

ஆனால் எஞ்சின் ஐஸ் போல ஆறியிருந்தது. ஒரே அமுக்கில் கிளம்பியது. இரண்டு குழாயும் "சுர்". கைப்பிடி முட்டு இரண்டும் முழுசாக இருந்தன. வாங்கிய நாள் முதல் ரசீது இருந்தது. பையன் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தான். வரும்போது முகம் மாறியிருந்தது.

"சித்தப்பா, இதைத் தள்ளியும் பார்த்துவிட்டேன்!" என்றான்.

2 லட்சம் கேட்டார். டயர், செயின் செலவைச் சொல்லிப் பேசி, 1 லட்சத்து 78 ஆயிரத்துக்கு முடித்தோம். புது டயர், செயின், இன்சூரன்ஸ், ஒரு நல்ல ஹெல்மெட் இவற்றுக்கு மீதிப் பணம் போயிற்று. பார்ட்ஸ் விலையை முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தோம். புதுப்பேட்டையில் எல்லா வண்டிக்கும் சாமான் கிடைக்கும் என்பார்கள். இந்த வண்டிக்கு அதை நம்ப முடியாது. கம்பெனிக் கடையில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டியும் வரலாம். அதையும் பையனிடம் சொல்லிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை இரவு அவன் விழுப்புரத்துக்கு வரவில்லை. நான்தான் சொன்னேன், இருட்டில் வராதே என்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகு கிளம்பி, 9 மணிக்கு வந்து சேர்ந்தான். வாசலில் அண்ணி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நசுக்கிக்கொண்டு ஏறியது.

"ஏறி உட்காரும்மா, கோயிலுக்குப் போய் வரலாம்" என்றான் பையன்.

அண்ணி பின் சீட்டைப் பார்த்தார். அது முன் சீட்டை விட ஒரு ஜாண் உயரத்தில், கையகலம் இருந்தது.

"நான் நடந்தே வருகிறேன். நீ ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போ" என்றார்.

சென்ற வாரம் தபாலில் ஆர்.சி. வந்துவிட்டது. பையன் பெயரில். கடன் குறிப்பு இல்லாமல்.